பைதகரஸ் ஏன் அவரையை விலக்கினார்? சாப்பாட்டு விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பைதகரசின் தேற்றத்தைத் தொடங்கும் நாளில், "இந்த மனிசனோட கூட்டத்துல சேர்ந்தவங்க அவரைக்காய் சாப்பிடக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பது என் வழக்கம். இடைவேளைக்கு டப்பாவைத் திறந்தால் பாதிப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் போஞ்சி (பீன்ஸ்) பிரட்டலும் இருக்கும். அதோடு கேள்வி தொடங்கிவிடும். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மாரும் கோயிலில் காணும் பெரியவர்களும் அதையே கேட்கிறார்கள். இதுவரை நின்ற இடத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

டீச்சர், தேற்றம் சொன்ன பைதகரசும் இந்த அவரைக்காரரும் ஒரே ஆளா?

ஒரே ஆள்தான். கி.மு. 570 அளவில் சாமோஸ் என்ற கிரேக்கத் தீவில் பிறந்தவர். நாற்பது வயதளவில் தென் இத்தாலியில் இருந்த குரோத்தோன் என்ற கிரேக்க ஊருக்குப் போய், தன்னைச் சுற்றி ஒரு கூட்டத்தைச் சேர்த்தார். அதைப் பள்ளிக்கூடம் என்பதைவிட மடம் என்றால் பொருந்தும். எதைத் தின்பது, எதை உடுத்துவது, எப்போது வாய் திறவாமல் இருப்பது என்று எல்லாவற்றுக்கும் விதி இருந்தது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் எழுதியதாக ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அவருடைய வாழ்க்கையைப் பற்றி நம் கையில் முழுசாக இருக்கும் நூல்கள் டயோஜெனிஸ் லயர்ஷியஸ், போர்பிரி, ஐயம்பிளிக்கஸ் ஆகிய மூவர் எழுதியவை. மூவரும் அவருக்கு எழுநூறு, எண்ணூறு வருஷம் பிந்தியவர்கள். நாலு தலைமுறைக்கு முந்திய கங்காணியின் கதையே நம் லயத்தில் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அதை நினைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

அவர் வேணாம்னு சொன்னது நாம போடுற போஞ்சியா?

இல்லை. போஞ்சி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் போன பிறகுதான் அது கடல் கடந்து இந்தப் பக்கம் வந்தது. போஞ்சி என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மூட்டை மூட்டையாக ஏற்றும் அந்தக் காயை பைதகரஸ் கண்ணால்கூடக் கண்டிருக்க முடியாது.

அவர் சொன்னது ஃபாவா என்ற அவரை. நம் ஊரில் அதற்குப் பழகிய பெயர் இல்லை. ஆனால் அரபு நாட்டில் வேலை செய்து வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே 'ஃபூல்' என்பார்கள். குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்த எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒருமுறை ஒரு டின் கொண்டுவந்து திறந்து காட்டினார். பெருவிரல் நகம் அளவு, மண்நிறம், தடித்த தோல், ஓரத்தில் கருப்பாக ஒரு கீற்று. எலுமிச்சம்புளியும் பூண்டும் சீரகமும் போட்டு மசித்துத் தந்தார். ருசியாகத்தான் இருந்தது.

அவரை மட்டும்தானா, இன்னும் இருக்கா?

நிறைய இருக்கின்றன. இதயத்தைத் தின்னாதே, மூளையைத் தின்னாதே, வெள்ளைச் சேவலைத் தொடாதே, சில மீன்களைத் தொடாதே, மேசையிலிருந்து விழுந்ததை எடுக்காதே, ரொட்டியைப் பிய்க்காதே. இவற்றோடு சாப்பாட்டில் சேராத விதிகளும் உண்டு. கத்தியால் நெருப்பைக் கிளறாதே என்பது அதில் ஒன்று. கூட்டத்துக்குள் இவற்றை வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பின்னால் வந்தவர்கள் பலதுக்கும் உள்ளர்த்தம் சொன்னார்கள். இதயத்தைத் தின்னாதே என்றால் கவலையால் உன்னையே அரித்துக்கொள்ளாதே. கத்தியால் நெருப்பைக் கிளறாதே என்றால் கோபத்தில் இருப்பவனைச் சொல்லால் குத்தாதே. அழகான விளக்கங்கள்தான். ஆனால் முதலில் கேட்டவர்கள் விதியை அப்படியே, சொல்லுக்குச் சொல், கடைப்பிடித்தார்கள் என்றே எனக்குப் படுகிறது. உள்ளர்த்தம் பெரும்பாலும், விதி கொஞ்சம் கூச்சமாகத் தெரியத் தொடங்கிய காலத்தில்தான் பிறக்கிறது.

உப்பு மட்டும் இதற்கு மறுபக்கம். நீதியை நினைவூட்ட உப்பை மேசையில் வைக்கச் சொன்னார்களாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் அவரை கூடாதுன்னு அவரே காரணம் சொல்லலையா?

சொன்னதாக நம்பத்தக்க பதிவு இல்லை. காரணத்தை மறைத்துவைத்தார்கள் என்றுகூட ஒரு கதை இருக்கிறது. சிரக்கியூஸ் நகரின் கொடுங்கோலன் டயோனிசியசின் ஆட்கள் துரத்த, இந்தக் கூட்டத்தார் ஓடுகிறார்கள். எதிரே பூத்து நிற்கும் அவரை வயல். அதை மிதிக்க மாட்டாமல் நின்று வெட்டுப்பட்டுச் சாகிறார்கள். பிடிபட்ட திமிக்கா என்ற கர்ப்பிணிப் பெண்ணிடம், ஏன் மிதிக்கவில்லை என்று அரசன் கேட்கிறான். அவள் பதில் சொல்லாமல் தன் நாக்கையே கடித்துத் துப்பிவிடுகிறாள். ஐயம்பிளிக்கஸ் எழுதியது இது. நடந்ததோ இல்லையோ, காரணம் யாருக்கும் தெரியாது என்பதையே ஒரு பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

காரணங்களை முதலில் பட்டியல் போட்டவர் அரிஸ்டாட்டில். அவரை பிறப்புறுப்பைப் போல இருக்கிறது, பாதாள உலகத்தின் வாசலைப் போல இருக்கிறது, உடம்பைக் கெடுக்கிறது, பிரபஞ்சத்தின் வடிவத்தில் இருக்கிறது, தேர்தலில் சீட்டாகப் பயன்படுகிறது என்று ஐந்து காரணம் அவர் பெயரில் வருகிறது. ஒரே விதிக்கு ஐந்து காரணம் என்றால், அந்தக் காலத்திலேயே ஊகம்தான் ஓடியிருக்கிறது.

பாதாள வாசல் என்பது முதலில் எனக்கும் புரியவில்லை. ஃபாவாச் செடியின் தண்டு கணு இல்லாமல் உள்ளே குழாயாக இருக்குமாம். பப்பாளி இலைத் தண்டை நறுக்கி ஊதி விளையாடியவர்களுக்கு உடனே பிடிபடும். மண்ணுக்கு அடியிலிருந்து தடையில்லாமல் மேலே வர ஒரு வழி. செத்தவர்களின் உயிர் அந்த வழியாக ஏறி வருகிறது என்று நினைத்தால், அதில் காய்த்ததை எப்படி வாயில் வைப்பது? வெள்ளைப் பூவில் இருக்கும் கருப்புப் புள்ளியைத் துக்கத்தின் எழுத்து என்று ரோமர்கள் வாசித்தார்கள். வருஷத்தில் சில இரவுகளில், கருப்பு அவரையை எறிந்து வீட்டிலிருந்து பேய்களை அனுப்பினார்கள். எகிப்தில் பூசாரிகள் அவரையைப் பார்க்கக்கூட மாட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆக, அவரைக்கும் சாவுக்கும் முடிச்சுப் போட்டவர் பைதகரஸ் மட்டும் இல்லை.

வயித்துல காத்து சேரும், அவ்வளவுதான் விஷயம்னு எங்க அப்பா சொல்றாரு.

உங்கள் அப்பாவோடு ரோமப் பேச்சாளர் சிசரோவும் நிற்கிறார். அவரை வயிற்றை உப்ப வைக்கும், மனம் அமைதியாக இருக்காது, நல்ல கனவு வராது, அதனால் விலக்கினார்கள் என்று அவர் எழுதினார். கனவில் தெய்வம் பேசும் என்று நம்பியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. அரிஸ்டாட்டிலின் மாணவர் அரிஸ்டாக்சினஸ், பைதகரஸ் மற்ற எல்லாவற்றையும்விட அவரையைத்தான் விரும்பிச் சாப்பிட்டார், வயிறு இலகுவாகப் போக அது உதவியது என்கிறார். கடைசித் தலைமுறைப் பைதகரஸ் கூட்டத்தாரை நேரில் அறிந்தவர் அவர். இதனால், தடை எல்லாக் காலத்திலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தது என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது.

அது ஒரு இரத்த வருத்தத்துக்காக வச்ச தடைன்னு யூடியூப்ல பார்த்தேன். உண்மையா?

அந்த வருத்தம், அதாவது நோய், உண்மை. ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு. சிவப்பணுவைக் காப்பது அது. ஃபாவாவில் உள்ள வைசின், கொன்வைசின் என்ற பொருள்கள் வயிற்றில் உடைந்து சிவப்பணுவைத் தாக்கும்போது, இந்தக் குறை உள்ளவர்களின் அணுக்கள் தாக்குப்பிடிக்காமல் உடைகின்றன. ஒன்றிரண்டு நாளில் பிள்ளை வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் சாயத்தண்ணி (பால் விடாத தேத்தண்ணி) நிறத்தில் போகும். உயிரும் போகலாம். எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) வருவதால் ஆண்பிள்ளைகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. தென் இத்தாலி, சார்டினியா, கிரேக்கம் ஆகிய இடங்களில் இது பரவலாக இருந்தது. பைதகரஸ் வாழ்ந்த இடமும் அதுவேதான். இந்தக் குறை ஏன் அங்கே தங்கியது என்பதற்கும் பதில் இருக்கிறது. அது மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கிறது. காய்ச்சல் ஊர்களில் குறை உள்ளவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள்.

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது நம்பிவிடத்தான் மனம் சொல்கிறது. நானும் சில வருஷம் வகுப்பில் இதையே உண்மை என்று சொன்னேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. மேலே சொன்ன பழைய ஆட்கள் யாருமே, அவரை தின்ற பிள்ளை மஞ்சளாகிச் செத்தது என்று எழுதவில்லை. இந்த நொதிக் குறையை மருத்துவம் கண்டுபிடித்ததே 1956இல்தான். சுற்றியிருந்த கிரேக்கர்கள் தினமும் அவரை தின்றார்கள். பிளேட்டோவின் இலட்சிய ஊரில்கூட ஜனங்கள் அவரையைக் கொறிக்கிறார்கள். வருத்தத்துக்குப் பயந்த விதி என்றால் வெள்ளைச் சேவலும் விழுந்த சோறும் அதே பட்டியலில் ஏன் வருகின்றன?

என் கணிப்பு இது. யாரோ சில வீடுகளில் அவரை தின்று பிள்ளை சுகமில்லாமல் போனது, அந்தச் செடி மேல் இருந்த பயத்தைக் கூட்டியிருக்கலாம். பயத்துக்கு முதல் பெயர் கொடுத்தது சாவும் பாதாளமும்தான்.

அப்போ நம்ம பிள்ளைங்களுக்குக் கடலை, கௌபி, போஞ்சி குடுக்கலாமா?

கொடுங்கள். தோட்டத்து வீட்டில் மலிவாகக் கிடைக்கும் புரதம் அதுதான். வைத்தியர் ஜி6பிடி குறை என்று சொல்லியிருந்தால் ஃபாவாவை விலக்க வேண்டும். பூச்சி உருண்டை போட்டு வைத்த துணியை அந்தக் குழந்தைக்கு உடுத்தக்கூடாது. மருந்து எடுக்கும்போதும் இந்தக் குறையை முதலில் சொல்ல வேண்டும், குறிப்பாக மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின். நம் நாடு மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டாலும், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பயன்படும்.

அவரு அவரைத் தோட்டத்து ஓரத்துல நின்னுதான் செத்தாராமே?

திமிக்கா கதையின் இன்னொரு உருவம் அது. ஓடிவந்தவர் வயலை மிதிக்க மாட்டேன் என்று நின்று பிடிபட்டார் என்கிறது ஒரு பதிவு. வேறொரு ஊர்க் கோயிலில் பட்டினி கிடந்து இறந்தார் என்கிறது இன்னொன்று. குரோத்தோனில் கைலோன் என்பவர் தலைமையில் இந்தக் கூட்டத்துக்கு எதிராக எழும்பினார்கள், ஆட்கள் கொல்லப்பட்டார்கள் என்பது மட்டும் பல பதிவுகளில் ஒத்துப்போகிறது. ஊரின் அதிகாரம் ஒரு சிறு கூட்டத்தின் கைக்குள் போனதைச் சனங்கள் பொறுக்கவில்லை. அரிஸ்டாட்டில் சொன்ன தேர்தல் சீட்டு இங்கேதான் வருகிறது. கிரேக்க ஊர்களில் பதவிக்கு ஆள் எடுக்க அவரை விதையைச் சீட்டாகக் குலுக்குவார்கள். 'அவரையை விடு' என்றால் அரசியலை விடு என்று சிலர் அர்த்தம் எடுத்தார்கள்.

பைதகரஸ் சுத்த சைவமா?

சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. உயிர் ஒரு உடம்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் என்று அவர் நம்பியது உறுதி. அவர் காலத்தை ஒட்டி வாழ்ந்த செனோபேனஸ் என்ற புலவர் அதைக் கேலி செய்து பாடியது மிஞ்சியிருக்கிறது. நாய்க்குட்டியை ஒருவன் அடிக்கிறான். 'அடிக்காதே, அது என் கூட்டாளியின் உயிர், குரலில் கண்டுபிடித்துவிட்டேன்' என்கிறார் பைதகரஸ். கேலிதான். ஆனாலும் அந்த மனிதர் அடிபடும் குட்டிக்காக நின்றார் என்பதை எதிரியின் வாயாலேயே கேட்கிறோம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஆனால் அரிஸ்டாக்சினஸ், அவர் பன்றிக்குட்டியும் ஆட்டுக்குட்டியும் சாப்பிட்டார் என்கிறார். அவரைச் சேர்ந்த மல்யுத்த வீரர் மைலோ இறைச்சி தின்பதில் பேர்போனவர். தேற்றத்தைக் கண்ட மகிழ்ச்சியில் பைதகரஸ் மாடு பலி கொடுத்தார் என்ற கதையை சிசரோவே நம்பவில்லை. எப்படியோ பெயர் நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் மரக்கறிச் சாப்பாட்டுக்குப் 'பைதகரஸ் உணவு' என்றே பெயர்.

அப்போ நம்ம ஆளுங்ககிட்ட இருந்துதானே எடுத்தாரு?

மறுபிறப்பு, கொல்லாமை, வாய்மூடி இருத்தல் எல்லாம் மகாவீரர், புத்தர் பக்கம் பார்ப்பது போலவே இருக்கிறது. காலமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அவர் இந்தியா வந்தார் என்பது பல நூற்றாண்டு கழித்து வந்த கதை. அவர் காலத்துச் சாட்சி எதுவும் இல்லை. அடிபடும் நாயைப் பார்த்து மனம் நோவதற்கு ஒருவர் இன்னொருவரிடம் கடன் வாங்க வேண்டுமா? புலான்மறுத்தலுக்கு வள்ளுவர் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கினார். தின்பதற்கு ஆள் இல்லாவிட்டால் விற்பதற்கும் ஆள் இருக்காது என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அந்த வாதத்தின் பலம் அது எங்கே பிறந்தது என்பதில் இல்லை.

கீழ விழுந்த சோத்தை எடுக்காதேன்னு எங்க அம்மாயியும் சொல்வாங்க. அதுவும் இதுவும் ஒன்னா?

பக்கத்தில் வருகிறது. மேசையிலிருந்து விழுந்தது இறந்துபோன வீரர்களுக்கு உரியது என்று கிரேக்கர்கள் நம்பியதாக நாடக ஆசிரியர் அரிஸ்டோபேனஸ் சொல்கிறார். அளவோடு சாப்பிடப் பழகத்தான் அந்த விதி என்று இன்னொரு விளக்கமும் உண்டு. அமாவாசையில் காக்கைக்கு முதல் பிடி வைத்துவிட்டுத்தான் உங்கள் அம்மாயி இலையில் உட்காருவார் இல்லையா? நம் சாப்பாட்டில் ஒரு பங்கு போனவர்களுக்கு என்ற நினைப்பு இரண்டிலும் இருக்கிறது. கிருமிக்குப் பயந்து வைத்த விதி என்று அம்மாயியிடம் சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். நியாயமான கோபம்.

பன்சலை ஹாமுதுரு மத்தியானத்துக்கு மேல சாப்பிடுறதில்லையே, அதுக்கும் காரணம் தெரியாதா?

விகாரைப் பிக்குமாரின் அந்த விதிக்குக் காரணம் பௌத்த நூலிலேயே இருக்கிறது. பைதகரசைப் பற்றித் தேடி அலுத்தவளுக்கு அதைப் படித்தபோது மனம் குளிர்ந்தது. உதாயி என்ற பிக்கு சொல்கிறார். முன்பெல்லாம் இருட்டிலும் பிச்சைக்குப் போவோம், குழியில் விழுவோம், முள்ளில் மாட்டுவோம், தூங்கும் மாட்டில் மோதுவோம். ஒரு கும்மிருட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் மின்னல் வெளிச்சத்தில் என்னைக் கண்டு பேய் என்று அலறினாள். இரவுச் சாப்பாட்டைப் புத்தர் நிறுத்தியது எங்கள் நல்லதுக்குத்தான். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, ஒரு பெண் பயந்தாள் என்பதே காரணம்.

யானை, குதிரை இறைச்சியை விலக்கியதற்கும் அதே நூல்களில் காரணம் உண்டு. அவை அரசனுடையவை, பஞ்சத்தில் பிக்குகள் அதைத் தின்றதை ஊர் குறை சொன்னது. சிங்கம், புலி இறைச்சி தின்றால் வாசனைக்கு அந்த மிருகங்கள் காட்டில் தாக்கும். சமணர்கள் பொழுதுபட்டால் உண்ணாதது, விளக்கில் விழும் பூச்சி தெரியாமல் சாகும் என்பதால். காரணம் எழுதிவைக்கப்பட்ட விதிகள் இப்படி இருக்கின்றன: அக்கம்பக்கத்தார் முகம், சின்ன உயிர், இருட்டு வழி. காரணம் தெரியாத விதிகளுக்கும் மூலம் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மத்த தத்துவஞானிகளும் இப்படித்தான் கட்டுப்பாடு வச்சாங்களா?

எப்பிகியூரஸ் பெயரைச் சொன்னால் விருந்து என்று நினைக்கிறார்கள். அவர் சாப்பிட்டது ரொட்டியும் தண்ணீரும். 'ஒரு சின்னப் பானை பாற்கட்டி அனுப்பு, ஆசைப்படும்போது விருந்து வைத்துக்கொள்வேன்' என்று நண்பருக்கு எழுதினார். ரொட்டியோடு ஒரு துண்டு கருவாடு சேர்ந்த நாளின் சந்தோஷம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடிதம் விளங்கும்.

ரோமில் செனெக்கா இளமையில் ஒரு வருஷம் இறைச்சியை விட்டார், மனம் சுறுசுறுப்பானதாக உணர்ந்தார். ஆனால் பேரரசர் டைபீரியஸ் ஆட்சியில் வெளிநாட்டு வழிபாட்டுக்காரர்கள் மேல் சந்தேகம் எழுந்தது. இறைச்சி தின்னாதவன் அவர்களைச் சேர்ந்தவன் என்று பார்த்தார்கள். அப்பா கேட்டுக்கொண்டதால் பழையபடி தின்னத் தொடங்கினார். தட்டைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் பழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

நம்ம முன்னோர்கள் அறிவியல் தெரிஞ்சுதானே எல்லாத்தையும் வச்சாங்க?

சிலதை அனுபவத்தில் கண்டு வைத்தார்கள். 'முதல்நாள் சமைத்த கறி அமுதெனினும் அருந்தோம்' என்று சித்தர் பாட்டில் வருவது, குளிர்பெட்டி இல்லாத காலத்தில் எத்தனை வயிறுகளைக் காத்திருக்கும்! பசித்த பிறகு அளவறிந்து உண் என்ற குறளையும் யாரும் மறுக்க முடியாது. சிலது பக்தி, சிலது துக்கம், சிலது யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பிரித்துவைத்த சாதி. கடைசியில் சொன்னதை அறிவியல் என்று மூடிமறைக்க நான் துணைபோக மாட்டேன்.

ஒரு விதி ஏன் தொடங்கியது, ஏன் நீடித்தது என்பவை வேறு வேறு கேள்விகள். குரோத்தோனில் அவரையை விலக்கியவர்கள் ஒரே மேசையில் ஒரே மாதிரி சாப்பிட்டு, நாங்கள் ஒரு கூட்டம் என்று உணர்ந்தார்கள். காரணம் மறந்த பின்னும் அந்த உணர்வு போதுமாக இருந்தது. மாசியில் காமன் கூத்துக்கு விரதம் பிடிக்கும் நம் பையன்களைப் பாருங்கள். மச்சம் (மீன், இறைச்சி) விட்டதால் உடம்புக்கு என்ன நன்மை என்று அவர்கள் யாரும் கேட்பதில்லை.

மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. மாமியார் நாப்பது நாளைக்கு முட்டை, கீரை, பருப்பு ஒன்னும் கூடாதுங்கிறாங்க. காரணம் தெரியாத விதியை விட்டுடலாமா டீச்சர்?

காரணம் தெரியாததால் விட வேண்டாம். பால் கொடுக்கும் தாயின் சாப்பாட்டைக் குறைப்பதால் விடுங்கள். மலையில் கொழுந்து எடுக்கும் நம் பெண்களில் இரத்தச் சோகை இல்லாதவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மச்சம் வேண்டாம் என்றால் யாருக்கும் நட்டம் இல்லை. இந்த நாற்பது நாள் அப்படி இல்லை. பத்தியத்தில் உள்ள பூண்டு, மிளகு, ஓய்வு எல்லாம் இருக்கட்டும். முட்டையும் கீரையும் பருப்பும் சேரட்டும். வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸை மாமியார் இருக்கும் நேரமாக வரச் சொல்லி, அவர் முன்னாலேயே பேசவைப்பது நல்லது.

புது விதி ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன். சாப்பிட்ட கையோடு சாயம் குடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு முழுசாக எடுக்கவிடாது. கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரைக்கும் அதே கதிதான். தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். மாத்திரையைத் தேசிக்காய் (எலுமிச்சை) தண்ணியோடு போடட்டும்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். இதே பிரச்சினைக்காக ஒரு வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டுப் பெரியம்மாவிடம், நீங்கள் பிள்ளை பெற்றபோது முட்டை ஏன் தரவில்லை என்று கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப முட்டைக்கு ஏது காசு கண்ணு? கூடாதுன்னு சொன்னா கேக்குற பிள்ளை அழாது" என்றார். பிறகு அவரே எழும்பி, மருமகளுக்கு ஒரு முட்டையை அவிக்கப் போட்டார்.